நண்டின் ஓட்டு அகலத்தை வைத்து எடையைக் கணிப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர் சந்தைக்குக் கடல் நண்டு ஐஸ் பெட்டியில்தான் மலையேறுகிறது. விலங்கியல் செய்முறைக்கு அதுவே போதும். நீலக்கால் நண்டு ஒரு 30, வெர்னியர் காலிப்பர், 1 கிராம் துல்லியமுள்ள தராசு எடுத்துக்கொள்ளுங்கள். நண்டு சிறிசும் பெரிசுமாகக் கலந்திருக்கட்டும். எல்லாம் ஒரே அளவென்றால் வரைபடத்தில் புள்ளிகள் ஓரிடத்தில் குவியும், கோடு எதையும் சொல்லாது.

முதலில் கவிழ்த்துப் பார்த்து ஆண், பெண் பிரியுங்கள். வயிற்று மடிப்பு ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். வளர்ந்த ஆணுக்குக் கொடுக்கு பெருப்பதால் அதே அகலமுள்ள பெண்ணைவிட எடை கூடும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் இரண்டுமே தப்பாகும். கொடுக்கோ காலோ ஒடிந்தது, அடிவயிற்றில் முட்டை சுமப்பது, அழுத்தினால் ஓடு அமுங்குவது (தோலுரித்த புதிது) மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து அகலம். பலர் தவறுவது இங்கேதான். ஓட்டின் இரு ஓரத்திலும் 9 பற்கள் உண்டு. கடைசிப் பல் நீண்ட முள். ஐஸில் உரசி அதன் நுனி முறிந்திருக்கும். அதனால் நுனியை விட்டுவிட்டு, ஒருபுற முள்ளின் அடியிலிருந்து மறுபுற முள்ளின் அடிவரை அளந்து, எல்லா நண்டுக்கும் அதையே பின்பற்றுங்கள். 100 மி.மீ. நண்டில் 2 மி.மீ. பிசகினால் கணித்த எடை சுமார் 6 சதவீதம் மாறும்.

எடை போடுமுன் சல்லடையில் சாய்த்து 5 நிமிடம் வடியவிட்டுத் துடையுங்கள். செவுள் அறையில் ஐஸ் நீர் தங்கும். மலை உயரத்தில் தராசு குறைத்துக் காட்டுமோ என்ற கவலை வேண்டாம். ஊட்டியின் 2,240 மீட்டரிலும் கிலோவுக்கு ஒரு கிராம்கூடக் குறையாது.

கணக்கு: எடை = அ × அகலம்^ஆ (அகலத்தின் ஆ-ஆம் அடுக்கு). அ, ஆ இரண்டும் எக்செல் கண்டுபிடித்துத் தரும் எண்கள். எக்செலில் அகலம் ஒரு பத்தி, எடை அடுத்த பத்தி. ஸ்கேட்டர் படம் (புள்ளி வரைபடம்) வரைந்து, புள்ளியில் ரைட் கிளிக் செய்து, ட்ரெண்ட்லைனில் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு) ‘பவர்’ தேர்ந்து, சமன்பாட்டைக் காட்டச் சொல்லுங்கள். ‘ஆ’ 3 என்று வந்தால் உடல் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் வளர்கிறது. அகலம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. 3-ஐத் தாண்டினால் ஒரே விகிதத்தில் வளரும் உடலைவிட எடை வேகமாகக் கூடுகிறது, ஆணில் கொடுக்கு காரணமாக இருக்கலாம். 2 அல்லது 4 பக்கம் போனால் முதலில் அளவுத்தாளைச் சரிபாருங்கள். சில நண்டுகளின் அகலம் முள் நுனியிலிருந்து அளக்கப்பட்டிருக்கலாம்.

நீங்கள் அளந்த சிறிய, பெரிய நண்டுகளுக்கு இடைப்பட்ட அகலங்களுக்கு மட்டுமே இந்தச் சமன்பாடு செல்லும். சேற்று நண்டுக்கு வேறு 30 வாங்கி, தனியாக அளக்க வேண்டும்.