பழைய டியூபிலிருந்து சைக்கிள் ஸ்ட்ராப்: ரப்பரில் ஊசி படாமல் செய்யும் முறை

காற்றடிக்கும் பம்பு, மடக்குக் குடை, சுருட்டிய ரெயின்கோட், பஞ்சர் சாமான் பை. இவற்றை சைக்கிள் ஃபிரேமில் கட்ட கயிறு சரிப்படாது. கயிறு இழுபடாது, அதனால் இரண்டு வேகத்தடை தாண்டியதுமே தளர்ந்துவிடும். இழுபடும் ஸ்ட்ராப் அதிர்வைத் தானே வாங்கிக்கொண்டு மறுபடி இறுகும். வெளிநாட்டில் பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்துக் கட்ட வந்த பாலியூரித்தேன் ஸ்ட்ராப்புகள்தான் பிறகு சைக்கிள்காரர்கள் கைக்கு வந்தன. சுமார் 20 மி.மீ. அகலம், வரிசையாக ஓட்டைகள், முனையில் ஒரு பக்கிள். கிடைத்தால் வாங்கலாம், நல்ல சாமான். ஆனால் பஞ்சர் கடையில் கிடக்கும் பழைய டியூபை வைத்து அதே வேலையைச் செய்யும் ஸ்ட்ராப்பை வீட்டிலேயே செய்துவிடலாம்.

டியூப் ரப்பரை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, ஓட்டை குத்தி, பெல்ட் பக்கிளில் மாட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி. அந்த வழியில் போகாதீர்கள். பாலியூரித்தேன் ஸ்ட்ராப் தடிமனானது, ஓட்டையும் அச்சிலேயே வார்த்தது. டியூப் ரப்பரின் தடிமன் சுமார் 1 மி.மீ.தான். அதில் ஆணியால் குத்திய ஓட்டையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் இருக்கும், இழுக்க இழுக்க அது ஓடும். ஊசியால் தைத்தாலும் அதே கதி. தையல் போட்ட கோட்டிலேயே தபால்தலை மாதிரி பிரிந்து வந்துவிடும். ஓட்டையே இல்லாமல் ரப்பரை, ஸ்கூல் பேக் நாடாவில் இருக்கிற அட்ஜஸ்டர் பக்கிளில் நேராகக் கோர்த்தாலும் நிற்காது. ரப்பரை இழுத்தால் மெலியும், மெலிந்தால் பக்கிளுக்குள் வழுக்கும்.

ஆகவே, ரப்பர் இழுபட மட்டும். பக்கிள் பிடிப்பது நைலான் நாடாவை. ரப்பரில் ஊசியும் படாது, ஆணியும் படாது.

ஒரு ஸ்ட்ராப்புக்கு வேண்டியவை

சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டிய வளையம் 1, அகலம் 20 மி.மீ. அதே அகலத்தில் நைலான் நாடா, நீளக் கணக்கு கீழே இருக்கிறது. 20 மி.மீ. பிளாஸ்டிக் அட்ஜஸ்டர் பக்கிள் 1. ஸ்கூல் பேக்கின் தோள் நாடாவைக் கூட்டிக் குறைப்பது எதுவோ அதுதான். 2 மி.மீ. ஸ்போக்ஸ் கம்பி, 6 செ.மீ. துண்டு 2. செருப்பு தைக்கும் நைலான் நூல்.

நாடாவும் பக்கிளும் பேக் ரிப்பேர் கடையில் கிடைக்கும். புதுச்சேரியில் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பேக் ஒன்றை வாங்கிப் பிரித்தால் நாடா, பக்கிள் இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிடும். கடலூர்க்காரர்கள் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் தேடலாம். பருத்தி நாடா வேண்டாம். மழையில் ஊறினால் பக்கிளில் நகராது, காய்ந்ததும் தளரும்.

ஸ்போக்ஸ் எவர்சில்வராக இருந்தால் நல்லது. முலாம் பூசிய சாதாரணக் கம்பி கடற்காற்றில் துருப்பிடிக்கும், துருவின் சொரசொரப்பு ரப்பரை அரிக்கும். 28 அங்குல சக்கரத்தின் ஒரு கம்பியில், தலையையும் மரை போட்ட நுனியையும் கழித்தாலும் நான்கு துண்டு வரும். அதாவது இரண்டு ஸ்ட்ராப்புக்கு ஆகும்.

அளவு

கட்ட வேண்டிய பொருளை ஃபிரேமோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் சுற்றி ஒரு நூலைச் சுற்றுங்கள். நூலின் நீளத்தோடு 5 செ.மீ. கூட்டினால் வெட்ட வேண்டிய நாடாவின் நீளம். உதாரணமாக, 28 மி.மீ. ஃபிரேம் குழாயில் 30 மி.மீ. பம்பு வைத்தால் சுற்றளவு சுமார் 15 செ.மீ. வரும், நாடா 20 செ.மீ. வெட்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுக்குப் பருமனான பொருள் என்றால் சுற்றளவு 27 செ.மீ.க்குப் பக்கத்தில் வரும், நாடா 32 செ.மீ. வேண்டும். வெட்டிய இரு முனைகளையும் மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள், நூல் பிரியாது.

வளையம் வெட்டுதல்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஸ்ட்ராப் எத்தனை நாள் உழைக்கும் என்பது இந்த ஒரு வெட்டில்தான் இருக்கிறது.

டியூபை முதலில் கழுவி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைத் துடையுங்கள். வால்வுக்கு இரு பக்கமும் ஒரு சாண், ஒட்டுப் போட்ட இடங்கள், மடிந்தே கிடந்து கோடு விழுந்த இடங்கள் இவற்றை ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தை வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்த டியூபே வேண்டாம்.

டியூபைத் தட்டையாக வைத்து, சாக்பீஸால் 20 மி.மீ. இடைவெளியில் குறுக்குக் கோடு போடுங்கள். தட்டையாகக் கிடக்கும்போது டியூபின் அகலம் 4 செ.மீ. சுமாருக்கு இருக்கும். சிறிய கத்தரியால் அதை ஒரே வெட்டில் வெட்ட முடியாது. பாதியில் கத்தரியைத் திறந்து மறுபடி வெட்டும் இடத்தில் ஒரு குட்டிப் பல் விழும். அரை மி.மீ.கூட இருக்காது, விரலால் தடவினால்தான் தெரியும். ரப்பர் கிழியத் தொடங்குவது அங்கிருந்துதான். அதனால் தையல்காரர் வைத்திருக்கும் பெரிய கத்தரியால் ஒரே வெட்டு. இல்லையென்றால் மரப்பலகை மேல் டியூபை வைத்து, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, சோப்புத் தண்ணீர் தொட்ட புது பிளேடால் ஒரே இழுப்பு. எனக்குப் பிடித்தது பிளேடுதான். சோப்புத் தண்ணீர் இருந்தால் பிளேடு ரப்பரைப் பிடித்து இழுக்காது.

வெட்டிய வளையத்தை இரண்டு விரல்களில் மாட்டி, ஒன்றரை மடங்கு இழுத்து, விளிம்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வெட்டுங்கள். ஒரு டியூபில் ஐம்பது வளையத்துக்கு மேல் வரும், ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கம்பிக் கொக்கி

நாடாவை நேராக ரப்பர் வளையத்துக்குள் நுழைத்து முடிந்துவிடலாமே என்று தோன்றும். இரண்டும் பட்டை என்பதால் ஒன்றையொன்று நசுக்கிக் குவியும். ரப்பரின் ஒரு விளிம்பு மட்டும் எல்லாப் பாரத்தையும் தாங்கும், அந்த விளிம்பே முதலில் போகும். சாவி வளையம் போட்டாலும் இதே குறைதான். பட்டை விரிந்து உட்கார நேரான ஒரு கம்பி வேண்டும்.

6 செ.மீ. ஸ்போக்ஸ் துண்டை குறடால் 22 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலமுள்ள செவ்வகமாக வளையுங்கள். இரண்டு நுனியும் ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் சந்திக்க வேண்டும். நுனிகளை அரத்தால் மழுக்கிவிடுங்கள். கடைசி வளைப்புக்கு முன்னால், திறந்திருக்கும் வழியாக ரப்பர் வளையத்தைக் கோர்த்து, எதிர்ப்பக்கத்து முழுக் கம்பிக்குத் தள்ளுங்கள். ரப்பர் எப்போதும் முழுக் கம்பியில், நுனிகள் சேரும் பக்கம் பக்கிளுக்கோ நாடாவுக்கோ. மாற்றிப் போட்டால் நுனி ரப்பரைக் குத்தும்.

முதல் கொக்கியை பக்கிளின் அசையாத குறுக்குக் கம்பத்தில் (ஸ்கூல் பேக்கில் நாடாவை நிரந்தரமாகத் தைத்திருக்கும் பக்கம்) மாட்டி மூடுங்கள். இரண்டாவது கொக்கி வளையத்தின் மறுமுனைக்கு. அதில் நாடாவின் ஒரு முனையை நுழைத்து, 3 செ.மீ. மடித்து, கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போலத் தைத்துவிடுங்கள். கையால் தைக்கலாம். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் இன்னும் பலமாகத் தைத்துத் தருவார்.

நாடாவின் மறுமுனையை பக்கிளில் கோர்ப்பதற்கு ஒரு ஸ்கூல் பேக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி கோருங்கள். வாலை இழுத்தால் இறுக வேண்டும், பொருள் பக்கமாக இழுத்தால் நகரக்கூடாது. இரண்டு பக்கமும் நகர்ந்தால் தலைகீழாகக் கோர்த்திருக்கிறீர்கள்.

கட்டுவது

ரப்பர் வளையத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கட்டி இறுக்கியதும் அந்த இடைவெளி 3 செ.மீ. ஆக வேண்டும். அதற்குக் குறைந்தால் பொருள் ஆடும், 4 செ.மீ.யைத் தாண்டினால் ரப்பர் சீக்கிரம் தளர்ந்துபோகும். கை இறுக்கத்தை நம்புவதைவிட இந்தக் கோட்டை நம்புங்கள்.

ரப்பர் ஃபிரேம் குழாயின் முதுகில் படிய வேண்டும். பிடிமானம் அதுதான், நைலான் பெயிண்டின் மேல் வழுக்கும். 28 மி.மீ. குழாயின் பாதிச் சுற்று 4½ செ.மீ., இழுபட்ட வளையம் சுமார் 6 செ.மீ. அதனால் கம்பிக் கொக்கிகள் இரண்டும் பெயிண்டைத் தொடாமல், குழாய்க்கும் பொருளுக்கும் நடுவே உள்ள நேர்ப்பகுதியில் வந்து நிற்கும். பக்கிளும் அந்த நேர்ப்பகுதியிலேயே இருக்கட்டும், செயின் இல்லாத இடது பக்கத்தில். குழாயின் வளைவின் மேல் பக்கிள் உட்கார்ந்தால் அதன் நாக்கு நாடாவைவிட்டு மேலே தூக்கிக்கொள்ளும். தளர்த்துவதற்கு நாம் எதைச் செய்கிறோமோ அதை அதுவே செய்துகொள்ளும். “பக்கிள் மோசம், தானாக அவிழ்கிறது” என்று சொல்வதில் முக்கால்வாசி இந்தக் கோளாறுதான்.

பம்புக்கு இரண்டு ஸ்ட்ராப் கட்டாயம். ஒன்று மட்டும் போட்டால் பம்பு அதையே அச்சாக வைத்துச் சுழலும். இரண்டையும் முனைகளிலிருந்து ஒரு நாலு விரல்கடை உள்ளே தள்ளிக் கட்டுங்கள். பூட்டுச் சங்கிலி போன்ற கனமான பொருளுக்கு இந்த ஸ்ட்ராப் வேண்டாம், கேரியரில் வையுங்கள்.

மிச்ச வால் தொங்கக்கூடாது. மிதிக்கும்போது முழங்காலில் உரசும், கீழே இறங்கினால் செயினில் போகும். அதே டியூபில் 5 மி.மீ. அகலத்தில் இன்னொரு குட்டி வளையம் வெட்டி நாடாவில் மாட்டி, வாலை மடித்து அதில் செருகுங்கள்.

கட்டும் முன் அடியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். கம்பி பிரேக் வைத்த பழைய பெரிய சைக்கிள்களில் பின் பிரேக்கின் கம்பி கீழ்க்குழாயை ஒட்டியே போகும். அதைச் சேர்த்துக் கட்டிவிட்டால் பிரேக் பிடித்த பிறகு விடாது, அல்லது பிடிக்கவே பிடிக்காது. கேபிள் பிரேக், கியர் கேபிள், டைனமோ ஒயர் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை. கட்டியதும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். பிறகு முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கி ஐந்து முறை கீழே போடுங்கள். பொருள் நகரவில்லை என்றால் கடலூர்–புதுச்சேரி சாலையின் வேகத்தடைகளுக்குத் தாங்கும்.

பராமரிப்பு

கடலூர் சில்வர் பீச்சுக்கோ புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கோ போய் வருகிற சைக்கிள் என்றால் வாரம் ஒருமுறை ஸ்ட்ராப்பைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரப்பருக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டும் மணல் உப்புக் காகிதம் மாதிரி தேய்க்கும். ஃபிரேமையும் அந்த இடத்தில் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

செயினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும் முன்னால் ஸ்ட்ராப்புகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், செயின் ஆயில் எது பட்டாலும் டியூப் ரப்பர் உப்பி, தொளதொளவென்று ஆகிவிடும். அது மறுபடி பழைய நிலைக்கு வராது, வளையத்தை மாற்ற வேண்டியதுதான். கொக்கியின் நுனியைக் குறடால் கொஞ்சம் விலக்கினால் புது வளையம் மாட்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பின்சேர்க்கை

லேடீஸ் சைக்கிளில் மேல் பார் இல்லை. அதற்கு சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய் சரியான இடம். பம்பை அதன் முன்பக்கம் செங்குத்தாகக் கட்டுங்கள். பின்பக்கம் மட்கார்டில் இடிக்கும்.

புது அலாய் சைக்கிள்களில் கீழ்க்குழாய் 45 மி.மீ.க்கு மேலும் இருக்கும். சைக்கிள் டியூப் வளையம் அதன் முதுகைச் சுற்றி வராது, கொக்கி பெயிண்டில் உட்காரும். அதற்கு ஸ்கூட்டர் அல்லது பைக் டியூபில் வளையம் வெட்டுங்கள். ரப்பர் தடிமனாகவும் இருக்கும், அதனால் 2 செ.மீ. கோடு 2½ செ.மீ. ஆகும் வரை இறுக்கினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நீளக் குடையைப் பாரில் கட்டுபவர்கள் கைப்பிடியைப் பின்பக்கமாக வையுங்கள். குடையின் கூர்நுனி ஹேண்டில்பார் இறங்கும் குழாயைத் தாண்டி முன்னால் நீட்டக்கூடாது. திரும்பும்போது பிரேக் கம்பியில் மாட்டி ஹேண்டில் நின்றுவிடும். பாரின் நீளத்துக்குள் அடங்காத குடையைக் கட்டாமல், மூன்று மடிப்புக் குடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.