உறைபனி பார்க்க ஊட்டிக்குக் கிளம்புமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் ஒரே விசாரிப்புதான்: "ஊட்டியில உறைபனி விழுந்துருச்சுங்களா?" அதைக் கேட்டுக்கொண்டே மலையேறி, வெறும் ஈரப்புல்லைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் ஏராளம். நாளிலோ இடத்திலோ நேரத்திலோ எங்கோ ஒன்றில் கணக்குத் தவறியிருக்கும்.

காலண்டரைப் பார்த்து அறை பிடிப்பதில்தான் பெரும்பாலும் இது தொடங்குகிறது. நவம்பர் நடுவில் உறைபனி ஆரம்பிக்கும் என்று கேள்விப்பட்டு, தீபாவளி முடிந்த கையோடு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீள்கிறது. வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் போதும், நீலகிரி நாலைந்து நாள் மப்பிலேயே கிடக்கும். பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்கு விட்டுவிட வேண்டும். அப்போதுதான் தரை உறைநிலைக்கு இறங்கும். மேகம் மூடியிருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி திரும்ப நிலத்துக்கே வந்துவிடும். பல்லைக் கிட்டவைக்கும் மழைக்குளிரில் உறைபனி விழாததற்குக் காரணம் இதுதான். மழை நாளில் மலையேறுவதில் ஆபத்தும் உண்டு. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அறைப்பணம் போனால் போகட்டும், பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

தேதிக்குப் பதில் வானத்தைப் பார்க்க வேண்டும். மழை முழுதாக விட்டு இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடிக்க வேண்டும். சாயங்காலம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும், ஊதக்காற்று நின்றிருக்க வேண்டும். காற்று வீசினால் மேலே இருக்கும் சற்றுச் சூடான காற்று தரைக்கு வந்து கலந்து, உறைவதைக் கெடுத்துவிடும். மழை விட்ட முதல் இரவுகளில் பெரும்பாலும் நீர்ப்பனிதான் இறங்கும். புல் நனைந்திருக்கும், வெள்ளை பூத்திருக்காது. அதைப் பார்த்துவிட்டு இந்த வருடம் அவ்வளவுதான் என்று இறங்கிவிடாதீர்கள். வானம் தெளிவாகவே இருந்தால் அடுத்தடுத்த இரவுகளில் குளிர் இறங்கிக்கொண்டே போகும். 'தைப் பனி தரையைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது சரியான கணக்கு. முதல் பனிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு ஜனவரியே நம்பகமான மாதம்.

உயரத்துக்குப் போனால் குளிர் அதிகம், ஆகவே உறைபனியும் அதிகம் என்று தொட்டபெட்டாவுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர், ஊட்டி சுமார் 2,240. பகலில் அந்தக் கணக்கு சரி. அசையாத இரவிலோ குளிர்ந்த காற்று கனம் கூடி, சரிவு வழியாகத் தண்ணீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிகரம் காய்ந்திருக்க, கீழே புல்வெளி வெளுத்திருக்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காப் புல்வெளி, காமராஜ் சாகர் அணையை ஒட்டிய தாழ்வான புல்தரை ஆகியவை வழக்கமாக வெளுக்கும் இடங்கள். மரத்தடியிலும் கட்டட ஓரத்திலும் தேடாதீர்கள். திறந்த வானம் தெரியும் புல்தான் வேண்டும். ஏற்காடு, கொல்லிமலை பக்கம் மூடுபனி அருமையாக இருக்கும், ஆனால் உறைபனி எதிர்பார்த்துப் போகிற உயரம் அது கிடையாது.

செல்போன் 5 டிகிரி காட்டுகிறது, பூஜ்யம் வரவில்லையே என்று திட்டத்தைக் கைவிடுவதும் தவறு. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 முதல் 2 மீட்டர் உயரத்தில், கூண்டுக்குள் வைத்து அளக்கிறார்கள். தெளிந்த, காற்றில்லாத இரவில் புல்நுனி அதைவிட 3 முதல் 5 டிகிரி குறைவாக இருக்கும். செல்போன் செயலி காட்டுவதோ பல கிலோமீட்டர் பரப்புக்குச் சேர்த்துப் போட்ட கணக்கு. மேடும் பள்ளமும் அதில் ஒன்றாகிவிடும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் நீலகிரிக்கு 'இரவில் உறைபனி' என்று வந்திருக்கிறதா பாருங்கள், அது நல்ல அறிகுறி. ஊட்டியில் தங்கியிருந்தால் ஒன்பது மணிக்கு ஒருமுறை வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, இலை அசையாமல் இருந்தால் அலாரம் வைக்கலாம். மூடுபனி எழும்பி மறைத்தால் வாய்ப்புக் குறைவு.

அலாரம் வைப்பது ஐந்து மணிக்கு. டிசம்பரில் சூரியன் எழுவது ஏறக்குறைய 6:30-க்கு. குளிர் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். வெள்ளென ஆறு மணிக்கே புல்வெளியில் இருந்தால் முழுக்காட்சியும் கிடைக்கும். வெயில் நேராகப் பட்ட சில நிமிடங்களில் கரையத் தொடங்கிவிடும். எட்டு மணிக்குப் போனால் மலை நிழலில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். உறைந்த புல்லை மிதிக்காதீர்கள். உள்ளே பனிக்கட்டியான திசுக்கள் நொறுங்கி, காலடி பட்ட இடமெல்லாம் பிறகு பழுப்பாகிவிடும்.

ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்று நடுராத்திரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது நல்ல யோசனை இல்லை. குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை நடமாட்டம், தூக்கக் கண், மூடுபனி. முந்தின நாளே ஏறித் தங்கிவிடுங்கள். வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கார்க் கண்ணாடி வெளுத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இரவே ஒரு சாக்கையோ அட்டையையோ கண்ணாடிமேல் விரித்துவைத்தால் சுரண்டுகிற வேலையே இல்லை. ஒட்டிப்போன வைப்பரை ஓடவிட்டாலும் ரப்பர் கிழியும்.

உடையில், திருப்பூர் பருத்தி பனியன் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. மலைக்குளிரில் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே ஈரம் தங்காத மெல்லிய துணி, அதன்மேல் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று போடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூவும், மாற்ற இன்னொரு ஜோடி காலுறையும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. அறைக்குள் கரி அடுப்போ நெருப்புச் சட்டியோ வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டிருக்கும். இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள்.

மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் யூரியா தாராளமாகப் போட்டால் இளந்தளிர் கிளம்பும், முதல் பனியில் கருகுவது அதுதான். நாற்றங்கால்மேல் பிளாஸ்டிக் தாளை அப்படியே போர்த்தினால், தாள் தொட்ட இலை உறைந்துபோகும். குச்சி நட்டு, இலையில் படாமல் உயரத்தில் கட்டி, காலையில் எடுத்துவிட வேண்டும். உறைந்த இலைமேல் வெயில் படுவதற்கு முன்பே ஸ்பிரிங்க்ளரால் தண்ணீர் தெளித்தால் மெதுவாகக் கரைந்து பாதிப்புக் குறையும். உருளைக்கிழங்கும் பீன்ஸும் சீக்கிரம் கருகும். கேரட்டும் முட்டைக்கோஸும் லேசான பனியைத் தாங்கும். கருகிய கிளையை உடனே கவாத்து செய்துவிடாதீர்கள். வெட்டிய இடத்தில் துளிர்ப்பதை அடுத்த பனி மறுபடி கருக்கிவிடும். மாசிக் கடைசியில், இரவுக் குளிர் விட்டபிறகு, பச்சை தெரியும் கணுவரை வெட்டினால் போதும்.