கரையானும் கரப்பானும் சொந்தமா? ஜீனோம் (ஒரு உயிரோட மொத்த டிஎன்ஏ) டேட்டா வச்சு நீங்களே பாக்கலாம்

தண்டையார்பேட்டைல எங்க வாசக்கால்ல செல்லு, அதான் கரையான், அரிச்சப்போ அது எறும்பு வகைன்னு தான் நெனச்சேன், ஆனா அது கரப்பான் வம்சத்துக்குள்ளயே ஒரு கிளை, 2007ல டிஎன்ஏ வச்சு இத அழுத்தமா காட்டிட்டாங்க. லேப் வேணாம், ஒரு லேப்டாப்பும் நெட்டும் இருந்தா நீங்களும் செஞ்சு பாக்கலாம்.

முதல்ல நாலு பூச்சி: அமெரிக்கன் கரப்பான் (நம்ம கால்வாய் மூடிய தொறந்தா ஓடுமே, அந்தப் பெருசு), கிச்சன்ல சுத்துற சின்ன ஜெர்மன் கரப்பான், ஒரு கரையான், அப்புறம் வெளியாளா ஒரு வெட்டுக்கிளி. வெளியாள் இல்லன்னா, யார் யாருக்கு சொந்தம்னு நாம வரையப்போற வம்ச மரத்துக்கு வேர் எங்கன்னே தெரியாது. என்சிபிஐங்கிற அமெரிக்க அரசோட ஜீன் டேட்டா சைட்ல எல்லாம் ஃப்ரீ, ப்ரோட்டீன் ஃபைல் இருந்தா அதையே எடுங்க, முழு ஜீனோம்லேர்ந்து ஆரம்பிச்சா ரொம்ப நேரம் ஓடும்.

அடுத்து பஸ்கோ ஓட்டுங்க, பெரும்பாலான பூச்சிங்கள்ல ஒரே காப்பியா இருக்கிற பொது ஜீன்கள தேடிக் குடுக்கிற சாஃப்ட்வேர் அது. அதோட இன்செக்டா (பூச்சி) செட்ல, odb10 வெர்ஷன்ல, 1367 ஜீன் இருக்கு, நாலு பூச்சிலயும் ஒரே ஒரு காப்பியா வர்றத மட்டும் வச்சுக்கோங்க. இதுல அவசரப்படாதீங்க, ஏன்னா கரப்பானுக்கு மணம் ருசி புடிக்கிற ஜீனெல்லாம் எக்கச்சக்கமா பெருகியிருக்கு, அதுல எந்தக் காப்பிக்கு எது ஜோடின்னு தெரியாம ஒப்பிட்டா, பூச்சிங்க பிரிஞ்ச கதைக்குப் பதிலா ஜீன் பெருகின கதை தான் வரும்.

ஒவ்வொரு ஜீனையும் மாஃப்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல அலைன் பண்ணி (ஒரே எடம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வர்ற மாதிரி அடுக்கி), ட்ரிம்ஏஎல்ல ஓட்டை ஒடசல கழிச்சு, எல்லாத்தையும் சேர்த்து மரம் போடுற ஐக்யூ-ட்ரீல போடுங்க. ப்ரோட்டீன் எப்படி மாறுதுங்கிற கணக்கு மாடல அதுவே தேடட்டும், அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப் 1000ன்னு குடுங்க, அதாவது டேட்டாவ 1000 தடவ கலைச்சு எடுத்து ஒவ்வொரு கிளைக்கும் நூத்துக்கு எவ்ளோ ஆதரவுன்னு அது சொல்லும்.

100ன்னு வந்துச்சா? உடனே நம்பாதீங்க. ஜீன் நெறைய இருந்தா தப்பான மரத்துக்கும் 100 வரும். அதனால ஒவ்வொரு ஜீனுக்கும் தனித்தனியா மரம் போடுங்க. நாலு பூச்சிக்கு மொத்தமே மூணு வடிவம் தான், எந்த வடிவத்துக்கு எத்தன ஜீன்னு எண்ணுங்க. கரையானும் அமெரிக்கன் கரப்பானும் ஜோடி சேர்றது முன்னாடி நிக்கணும், மிச்ச ரெண்டும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். கரையான் போய் வெட்டுக்கிளியோட ஒட்டுற வடிவம் மட்டும் தூக்கலா இருந்தா உஷார், நீளமான கிளை (ரொம்ப மாறிப்போன பூச்சியோட கிளை) ரெண்டு ஒண்ண ஒண்ணு இழுக்குதான்னு பாருங்க, ரெண்டு கரப்பானும் தனிக் குடும்பம்னு பொய்யா காட்டுறது அது தான். அப்போ ஜீன கூட்டிப் பிரயோஜனம் இல்ல, பூச்சிய கூட்டுங்க: மரம் தின்னுற கிரிப்டோசெர்கஸ் கரப்பான், கரையானுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், அத சேர்த்தா கரையானோட நீளக் கிளை நடுவுல ஒடஞ்சிடும், அப்புறம் திரும்ப ஓட்டிப் பாருங்க.