ஜிபிஎஸ் கருவி வாங்காமலே ஜியோகேச்சிங்: முதல் டப்பாவைக் கையில் எடுப்பது வரை

ஜியோகேச்சிங் என்று ஒன்று இருப்பது தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, கையடக்க ஜிபிஎஸ் கருவி என்ன விலை என்று தேடியதுதான். விலையைப் பார்த்தேன், பக்கத்தை மூடினேன், அதோடு அந்த ஆசையும் சில மாதம் தூங்கியது. பிறகுதான் புரிந்தது, அந்தக் கருவி செய்யும் வேலையில் பெரும்பகுதியை என் பையில் கிடக்கும் போனே செய்யும், மிச்ச வேலையை எந்தக் கருவியும் செய்யாது என்று. அந்த மிச்ச வேலையில்தான் விளையாட்டே இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யாரோ ஒருவர் மூடி போட்ட ஒரு டப்பாவை வெளியில் எங்காவது மறைத்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஆயத்தொலைவை (பேச்சில் கோஆர்டினேட்) இணையத்தில் போடுவார். நாம் போய்த் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். டப்பாவுக்கு 'கேச்' என்று பெயர்.

ஜிபிஎஸ் கருவி கட்டாயம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். துல்லியம் ஒரே நாளில் ஏறக்குறைய பத்து மடங்கு கூடியது. உடனே, மே 3 அன்று, டேவ் அல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து இடத்தை இணையத்தில் அறிவித்தார். உள்ளே புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்தன. அன்றைக்குத் தனிக் கருவி இல்லாமல் இதை ஆட முடியாது. இன்றைக்கு அப்படி இல்லை.

1. போனைத் தயார் செய்யுங்கள்

போனில் உள்ள ஜிபிஎஸ், செயற்கைக்கோள் அனுப்புவதைக் கேட்கும் ஒரு காது மட்டும்தான், எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் சிம், டேட்டா, டவர் எதுவும் இல்லாமலும் அது வேலை செய்யும். ஆனால் டேட்டா இல்லாவிட்டால் முதல்முறை இடத்தைப் பிடிக்க நேரமாகும், ஏனென்றால் செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு முறை முழுதாகக் கேட்கவே அரை நிமிடம் ஆகிறது. டேட்டா இருந்தால் போன் அதே விவரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டு சட்டென்று காட்டிவிடும். ஆகவே திறந்த வெளியில் ஒன்றிரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், அவசரப்பட்டு 'போன் சரியில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

2. கணக்கும் செயலியும்

ஜியோகேச்சிங்.காம் தளத்தில் இலவசக் கணக்கு போதும். அவர்களுடைய செயலி இருக்கிறது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு சி:ஜியோ என்ற இலவசச் செயலியும் உண்டு. பணம் கட்டியவர்களுக்கு மட்டும் தெரியும் கேச்கள் சில இருக்கும், தொடக்கத்தில் அவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

3. எளிதானதைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் புதியவர்கள் பலர் சொதப்புகிறார்கள். வரைபடத்தைத் திறந்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குக் கிளம்பிவிடுவார்கள். அது கட்டைவிரல் நகம் அளவுள்ள காந்த டப்பாவாக இருக்கும், ஒரு மணி நேரம் தேடிவிட்டு வெறுத்துப்போய் விளையாட்டையே விட்டுவிடுவார்கள்.

நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலில் வகை: 'டிரெடிஷனல்' என்று இருக்க வேண்டும், அதாவது கொடுத்த இடத்திலேயே டப்பா இருக்கும். 'மல்டி' என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அலைய வேண்டும், 'மிஸ்டரி' என்றால் புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான இடமே தெரியும். அடுத்து அளவு: 'மைக்ரோ' 100 மில்லிக்கும் குறைவு, அதைத் தவிருங்கள், 'ஸ்மால்' ஒரு லிட்டர் வரை, 'ரெகுலர்' 20 லிட்டர் வரை, இவை இரண்டும் கண்ணில் படும். பிறகு கடினம், நிலப்பரப்பு என்று இரண்டு மதிப்பெண், 1 முதல் 5 வரை அரை அரையாக ஏறும்; இரண்டும் 1.5-க்குள் இருக்கட்டும். கடைசியாக, ஆனால் எனக்கு இதுதான் முக்கியம், சமீபத்தில் யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி நான்கு பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் டப்பா அங்கே இல்லாமலே போயிருக்கலாம்.

4. எண்களைச் சரியாகப் படியுங்கள்

செயலியில் 'அங்கே போ' என்று அழுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்களை வேறு வரைபடத்தில் கையால் தட்டுபவர்கள் மட்டும் கவனியுங்கள். கேச்சுக்கான இணையப் பக்கத்தில் வடக்கு 40° 34.500′ என்ற மாதிரி இருக்கும். இது பாகையும் (டிகிரி) அதில் அறுபதில் ஒரு பங்கான நிமிடமும், தசமப் பாகை அல்ல. அந்த 34.500-ஐ 60-ஆல் வகுத்தால் 0.575, ஆக 40.575 என்று தட்ட வேண்டும். புள்ளியை மட்டும் நகர்த்தி 40.345 என்று போட்டால் 25 கிலோமீட்டர் தள்ளி எங்கோ போய் நிற்பீர்கள். (நான் நின்றதில்லை, வீட்டிலேயே வரைபடத்தில் பார்த்துத் தப்பித்தேன். ஒரு ஏரியின் நடுவில் காட்டியது.)

5. போனிலும் ஜிபிஎஸ் இல்லை என்றால்?

அப்போதும் முடியும், கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அந்தப் புள்ளியை முழுதாகப் பெரிதாக்குங்கள். சுற்றி என்ன இருக்கிறது? பாதை வளையும் இடம், சிறு பாலம், தனியாக நிற்கும் மரம், வேலியின் மூலை. படத்திலேயே தூரம் அளக்கும் வசதி இருக்கும்; 'பாலத்தின் கிழக்கு முனையிலிருந்து 22 மீட்டர், பாதைக்கு இடதுபுறம்' என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 20 மீட்டருக்கு உங்களுக்கு எத்தனை எட்டு ஆகிறது என்று முன்கூட்டியே நடந்து எண்ணிப் பார்த்துவிட்டால் அங்கே போய்த் திணற வேண்டாம். நிமிடத்தில் மூன்றாவது தசம இடம் ஒன்று மாறினால் வடக்கு-தெற்காக வெறும் 1.85 மீட்டர்தான், எனவே கொடுக்கப்படும் எண்கள் இதற்குப் போதுமான அளவுக்கு நுணுக்கமானவை. அடர்ந்த காட்டு நடுவில் உள்ள கேச்களுக்கு இந்த முறை சரிவராது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

கேச்சின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கும், உளறல் மாதிரி. அது ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி எழுதியது: ஏ-க்குப் பதில் என், பி-க்குப் பதில் ஓ. ஓர் அழுத்தில் செயலியே மாற்றிக் கொடுத்துவிடும். தாளோடு போகிறவர்கள் குறிப்பையும் மாற்றி எழுதி எடுத்துப் போங்கள்.

6. அங்கே போனதும்

நல்ல திறந்த வெளியில் போன் சுமார் 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். மரமும் உயரமான சுவரும் இருந்தால் சிக்னல் மோதித் திரும்பி வருவதால் இன்னும் தள்ளிக் காட்டும். டப்பாவை மறைத்தவருடைய கருவிக்கும் இதே கோளாறு இருந்திருக்கும் அல்லவா? இரண்டு பிழையும் சேர்ந்தால் பத்து மீட்டர் சாதாரணம். 'தூரம் 0 மீட்டர்' வரும்வரை அம்புக்குறியின் பின்னால் சுற்றிச் சுற்றி வருவது வீண், பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

இனி கண்ணுக்குத்தான் வேலை. நானாக இருந்தால் இங்கே எங்கே வைப்பேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இயற்கையாகக் கிடக்காத மாதிரி அடுக்கிய கற்கள், ஒரே நீளத்தில் வரிசையாகச் சாய்த்து வைத்த குச்சிகள், விழுந்த மரத்தின் பொந்து, இரும்புக் கம்பத்தின் பின்பக்கம், பெஞ்சின் அடிப்பகுதி. பொந்துக்குள் கையை விடும் முன் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள், உள்ளே வேறு யாராவது குடியிருக்கலாம். எதையும் தோண்டத் தேவையில்லை, கேச்சைப் புதைக்கக் கூடாது என்பது விதி. மின்பெட்டிகளைத் திறக்காதீர்கள்.

கிடைக்கவில்லையா? முப்பது மீட்டர் பின்னால் போய், வேறொரு திசையிலிருந்து மறுபடி நேராக நடந்து வாருங்கள். முதலில் வந்த பாதையும் இந்தப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சுற்றித் தேடுங்கள். போனின் திசைகாட்டி தடுமாறினால் காற்றில் 8 போடுவது மாதிரி போனைச் சுழற்றினால் சரியாகும்.

ஆட்கள் நடமாடும் இடமென்றால் கொஞ்சம் நடிக்கவும் வேண்டும். விளையாட்டில் இல்லாதவர்களை 'மகிள்' என்பார்கள். அவர்கள் பார்த்துவிட்டால் குப்பை என்று நினைத்து டப்பாவை எடுத்துப் போட்டுவிடலாம். போனில் பேசுவது போல நில்லுங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள், அவர்கள் போகட்டும்.

7. கிடைத்த பிறகு

பேனா! என் முதல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேனா இல்லாமல் நின்றவன் நான். பெரிய டப்பாக்களில் பென்சில் கிடக்கும், சின்னவற்றில் தாள் மட்டும்தான். பெயர் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு.

உள்ளே சின்னச் சின்னப் பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு அதே மதிப்பிலோ கூடவோ ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் மட்டும் வைக்காதீர்கள், விலங்குகள் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். எண் பொறித்த உலோகத் தகடு இருந்தால் அது 'டிராவல் பக்', கேச் விட்டு கேச் பயணம் போகிற பொருள். அடுத்த கேச்சில் கொண்டுபோய் வைக்க முடியுமென்றால் மட்டும் எடுங்கள். பிறகு மூடியை இறுக்கி மூடி, இருந்த இடத்தில், இருந்த மாதிரியே வைத்துவிட்டு, ஆன்லைனிலும் பதிவு போடுங்கள். எங்கே ஒளிந்திருந்தது என்று அதில் உளறிவிடாதீர்கள்.

கிடைக்காமல் திரும்பினாலும் 'டிஎன்எஃப்' (Did Not Find, கிடைக்கவில்லை) என்று பதிவு போடுங்கள். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, போடாமல் விட்டேன். அடுத்த வாரம் வேறொருவர் அதே இடத்தில் முக்கால் மணி நேரம் தேடியதாக எழுதியிருந்தார். டப்பா முன்பே காணாமல் போயிருந்ததாம், வைத்தவர் வந்து புதிதாக ஒன்று வைத்தார். நான் மறுபடி போய் அதை எடுத்தேன், இந்த முறை பேனாவோடு.