பாட்டிலைப் பையால் மூடுங்கள்: ரெட் ஒயின் சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெட் ஒயினை முதல்முறை வாயில் வைப்பவர்கள் பெரும்பாலும் "கசக்குது" என்பார்கள். அது கசப்பு இல்லை, துவர்ப்பு. நாவல்பழம் தின்ற பிறகு நாக்கும் ஈறும் சொரசொரவென்று ஆகிறதே, அதேதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வழவழப்பை எடுத்துவிடுகிறது. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். வாழைப்பூ, கடுக்காய், பாக்கு என்று அதன் ஏற்ற இறக்கங்கள்கூட நமக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். ரெட் ஒயின் சுவைக்க இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. ஆனாலும் துவர்ப்பு தெரிந்ததுமே "மட்டமான ஒயின்" என்று கிளாஸை நகர்த்திவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். கசப்பை நாக்கில் தேடுங்கள். துவர்ப்பைக் கன்னத்தின் உட்புறத்திலும் மேல் ஈறிலும் தேடுங்கள். புளிப்பு வந்தால் எச்சில் ஊறும், துவர்ப்பு வந்தால் வாய் உலரும். இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வெப்பம். "ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறவும்" என்ற அறிவுரை ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளுக்குச் சொன்னது. அங்கே அறை என்றால் 16 முதல் 18 டிகிரி. நம் ஊரில் மே மாதத்து அறை வேறு. ஒருமுறை நண்பர் வீட்டில் ஃப்ரிட்ஜின் மேலேயே பல நாள் நின்றிருந்த பாட்டிலைத் திறந்தோம். முகர்ந்து பார்த்த தம்பி ஒருவர், "அண்ணே, ஸ்பிரிட் மாதிரி அடிக்குதே" என்றார். உண்மைதான், மூக்கில் ஆல்கஹாலைத் தவிர வேறெதுவும் ஏறவில்லை. மூடி ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தோம். அதே ஒயினில் கறுப்புச் செர்ரி வாசம் வந்தது, கொஞ்சம் மிளகும். ரொம்பவும் குளிரவைத்தாலும் கெடுதல்தான்: வாசம் அடங்கி, துவர்ப்பு மட்டும் முரட்டுத்தனமாக முன்னே வரும்.

கிளாஸை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். சுவைக்கும் அறையில் ஊதுபத்தி, மல்லிகை, சென்ட் எதுவும் வேண்டாம். காரமாகச் சாப்பிட்ட வாயோடு உட்காராதீர்கள், மிளகாயின் எரிச்சலும் ஆல்கஹாலின் எரிச்சலும் ஒன்றையொன்று தூண்டிவிடும். நாலைந்து ஒயின்கள் வரிசையாக இருந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். ஒயினரிகளில் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் வழியாக வந்த பழுது என்று கொள்ளலாம். அந்த ஒரு பாட்டிலை வைத்து ஒயினரியை எடைபோட வேண்டாம்.

சரி, இவையெல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. பலர் லேபிளில் உள்ள சரித்திரத்தைத்தான் சுவைக்கிறார்கள், ஒயினை அல்ல. இன்னும் சிலர் சரித்திரமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதுவும் இழப்புதான்.

பிரான்ஸின் போர்தோ ஒயின் பகுதிக்கு 1855-ல் போட்ட தரவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய உலகக் கண்காட்சிக்காக அது தயாரானது. போர்தோவின் ஒயின் தரகர்கள், எந்த ஷத்தோவின் (தோட்டத்தோடு கூடிய ஒயின் பண்ணை) ஒயின் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்ற நெடுநாள் கணக்கை வைத்து ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். சிவப்பில் ஓப்ரியோனைத் தவிர மற்ற எல்லாமே மெடோக் பகுதி. அந்தத் தரம் ஷத்தோவின் பெயருக்குத்தானே தவிர நிலத்துக்கு இல்லை. அதற்குப் பிறகு தோட்டங்கள் கைமாறியிருக்கின்றன, விரிந்திருக்கின்றன, சுருங்கியிருக்கின்றன. படிகள் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. இரண்டாம் படியில் இருந்த மூத்தோன் ரோத்ஷீல்ட் 1973-ல் முதல் படிக்கு ஏறியதுதான் பெரிய மாற்றம். பாரோன் ஃபிலிப் த ரோத்ஷீல்ட் அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடினார். ஆக, "இது ஐந்தாம் தரமாம்" என்று கேட்டதும் கிளாஸில் குறை தேட ஆரம்பித்தால், நீங்கள் சுவைப்பது 19-ஆம் நூற்றாண்டின் விலைப்பட்டியலை.

இன்னொரு குழப்பம் வருடங்களைப் பற்றியது. ஒரு பாட்டிலுக்குப் பின்னால் மூன்று வருடங்கள் உண்டு: ஒயினரி தொடங்கிய வருடம், அந்த ஒயினை முதன்முதலில் செய்த வருடம், பாட்டிலுக்குள் இருக்கும் திராட்சை அறுவடையான வருடம். இதற்கு ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 1844-ல் அடிலெய்டு அருகே மேகில்லில் டாக்டர் கிறிஸ்டோபர் ராசன் பென்ஃபோல்டும் அவர் மனைவி மேரியும் தொடங்கியது அது. முதலில் நோயாளிகளுக்கு டானிக் போலக் கொடுக்கத்தான் ஒயின் செய்தார்கள். டாக்டர் வைத்தியம் பார்க்க, ஒயின் வேலையை நடத்தியவர் மேரி. ஆனால் அந்தப் பெயரை உலகுக்குக் கொண்டுபோன கிரேஞ்ச், 1844-ன் பிள்ளை இல்லை. அது பிறந்தது 1951-ல்.

மாக்ஸ் ஷூபர்ட் அங்கே ஒயின் தயாரிப்பாளர். 1950-ல் ஐரோப்பா போனவர், பல பத்தாண்டுகள் பாட்டிலில் இருந்தும் உயிரோடிருந்த போர்தோ ஒயின்களைச் சுவைத்துவிட்டுத் திரும்பினார். தன் ஊரிலும் அப்படி நீடிக்கும் ஒயின் ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைத்தார். தெற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது போர்தோவின் கேபர்னே சோவின்யோன் திராட்சை போதுமான அளவு இல்லை, ஷிராஸ் திராட்சை தாராளமாக இருந்தது. எனவே ஷிராஸ். பீப்பாய்க்குப் புதிய அமெரிக்க ஓக் மரம். இளம் ஒயினைச் சுவைத்துப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1957 அறுவடைக்கு முன் நிறுத்தும்படி நிர்வாகம் உத்தரவிட்டது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. 57, 58, 59 மூன்று வருடமும் மேகில்லின் நிலவறைகளில் மறைத்து வைத்தே செய்தார். ரகசியமாகச் செய்ததால் புதிய பீப்பாய் வாங்க வழியில்லை, அந்த மூன்று வருட ஒயினுக்கும் புது ஓக் கிடைக்கவில்லை. இதற்கிடையே பழைய பாட்டில்கள் முதிர்ந்து பக்குவமாக, 1960-ல் நிர்வாகமே மறுபடியும் செய்யச் சொன்னது. 1955-ன் ஒயின் பிறகு சிட்னி போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியது.

இந்தக் கதை தெரிந்த பிறகு கிரேஞ்சையோ, அந்த வழியில் வந்த வேறொரு ஆஸ்திரேலிய ஷிராஸையோ முகர்ந்து பாருங்கள். வெனிலாவும் தேங்காயும் போல ஒரு வாசம் வந்தால், அது திராட்சையிலிருந்து வந்ததில்லை, அமெரிக்க ஓக்கிலிருந்து வந்தது. ஒரு மனிதர் எடுத்த முடிவு மூக்குக்குத் தெரிகிறது. சரித்திரம் இப்படிக் கிளாஸுக்குள் வந்து உதவ வேண்டும், அதற்காகத்தான் படிக்கச் சொல்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள். கிரேஞ்ச் ஒரே தோட்டத்து ஒயின் அல்ல, பல பகுதிகளின் திராட்சையைக் கலந்து செய்வது. மதிப்புள்ள ஒயின் என்றால் ஒரே தோட்டத்தில்தான் விளைந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் அது உடைக்கிறது.

சிலியின் கார்மெனேர் கதையும் அப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டில் போர்தோவிலிருந்து போன கொடி அது. ஃபைலாக்ஸெரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பிறகு போர்தோவில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போனது. சிலியிலோ மெர்லோ என்ற இன்னொரு திராட்சையின் கொடிகளோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்தது. 1994-ல் பிரெஞ்சுத் திராட்சை வல்லுநர் ஜான்-மிஷேல் பூர்சிக்கோ கொடிகளைப் பார்த்து "இது மெர்லோ இல்லை" என்றார். கார்மெனேர் மெர்லோவை விடச் சில வாரங்கள் தாமதமாகப் பழுப்பது. மெர்லோவோடு சேர்த்துப் பறித்தபோது அது பச்சையாகவே இருந்தது. சிலியின் பழைய "மெர்லோ"க்களில் குடமிளகாய் வாசம் தூக்கலாக இருந்ததற்கு இது ஒரு காரணம். இப்போது தனியாக, பொறுத்திருந்து பறிக்கிறார்கள். அப்போதும் ஒரு சாயல் மிச்சம் இருக்கும். அதைக் கெட்டுப்போன வாசம் என்று நினைத்துக் கொட்டிவிட வேண்டாம்.

1976 மே 24-ல் பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைப்பைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சிவப்பில் ஆறு கலிபோர்னியா, நான்கு போர்தோ, பெயர் மறைத்து. முதலிடம் ஸ்டேக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973, இரண்டாமிடம் 1970 மூத்தோன். "கலிபோர்னியா பிரான்ஸைத் தோற்கடித்தது" என்று இதைச் சுருக்குவது தவறு. இரண்டுக்கும் இடையே இருந்த மதிப்பெண் வித்தியாசம் நூலிழை. 2006-ல் அதே ஒயின்களை மறுபடி சுவைத்தபோது முதலில் வந்தது ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971, அது 1976-ல் ஐந்தாவது. மேசையும் நாளும் மாறினால் வரிசையும் மாறும். என்னைத் தொடுவது வேறொன்று. 1976-ல் முதலில் வந்த ஸ்டேக்ஸ் லீப் ஒயினைச் செய்தவர் வாரன் வினியார்ஸ்கி; அதற்கான கொடிகளுக்கு அறுவடையின்போது வயது மூன்றுதான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் ஸ்டேக்ஸ் லீப் ஒயினரி என்று இன்னொன்றும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு மேற்புள்ளி (apostrophe) இடம் மாறியிருப்பதுதான் அடையாளம், அதற்காக வழக்கே நடந்தது. பாரிஸில் வென்றது எது என்று பார்க்காமல் பழைய பாட்டிலுக்குப் பெரும் தொகை கொடுத்துவிடாதீர்கள்.

பழையதெல்லாம் நல்லது என்பதும் இல்லை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரெட் ஒயின்கள் சில வருடங்களுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்பட்டவை. நம் அலமாரிச் சூட்டில் பத்து வருடம் வைத்தால் பழ வாசம் போய்விடும், மிஞ்சுவது வேறு ஏதோ. உண்மையிலேயே முதிர்ந்த பாட்டில் கிடைத்தால் முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். ஊற்றும்போது கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வெளிச்சம் பிடித்து, கறுப்புக் கோடு கழுத்தை நெருங்கும் நொடியில் நிறுத்துங்கள். பல மணி நேரம் திறந்து வைக்காதீர்கள், வயதான ஒயினின் வாசம் காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். இளம் முரட்டு ஒயினுக்குத்தான் காற்று நல்லது.

வீட்டில் நான் செய்வது இதுதான். இரண்டோ மூன்றோ பாட்டில்களை யாராவது காகிதப் பையில் போட்டு எண் எழுதித் தருவார்கள். வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பேன். பிறகு வாசம், புளிப்பு, துவர்ப்பு, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நோட்டில் எழுதுவேன். அதற்கப்புறம்தான் பையை உருவி, ஒயினரியைப் பற்றிப் படிப்பேன். படித்துவிட்டு மறுபடி ஒரு மடக்கு. இரண்டாவது மடக்கில் தெரிந்ததைப் பக்கத்துப் பத்தியில் எழுதுவேன், முதல் பத்தியை அழிக்க மாட்டேன். மிச்ச ஒயினை கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மாலை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து அதே நோட்டோடு உட்காருவேன். இளம் ஒயினாக இருந்தால், ஈறைப் பிடித்த துவர்ப்பு பல நேரம் சற்றுத் தளர்ந்திருக்கும்.