ஆங்கிலப் பாட்டைக் காதால் பிடிப்பது எப்படி: 30 வினாடிப் பயிற்சி

படித்தால் புரிகிற ஆங்கிலம் காதில் விழும்போது புரியாமல் போகிறதா? பெரும்பாலும் சொல் தெரியாதது காரணமல்ல. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுகிறோம், பேசும்போது ‘வந்துட்டிருக்கேன்’ என்கிறோம் அல்லவா? ஆங்கிலமும் அப்படித்தான் சுருங்கும். ‘வாண்ட் டு’ ‘வானா’ ஆகும், ‘டிட் யூ’ ‘டிஜூ’ ஆகும். இந்தச் சுருக்கத்தைப் பழக பாட்டு நல்ல வழி, ஒரே வரியை இருபது முறை கேட்டாலும் சலிக்காது.

முதலில் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றைக் குரல், கிட்டார் அல்லது பியானோ, நிதானமான நடை. ராப் இப்போது வேண்டாம். முழுப் பாட்டும் வேண்டாம், சரணத்தில் 30 வினாடி போதும்.

யூடியூபில் வரிகளைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். சப்டைட்டில் ஓடினால் அணைத்துவிடுங்கள், கண் முந்திக்கொண்டால் காது வேலை செய்யாது. கணினியில் இடது அம்புக்குறி 5 வினாடி பின்னே போகும். போனில் திரையின் இடப்பக்கம் இருமுறை தட்டுங்கள்.

அடுத்து நோட்டில் வரிவரியாக எழுதுங்கள். பிடிபடாத இடத்தில் கோடு போடுங்கள், அல்லது கேட்ட ஒலியைத் தமிழிலேயே எழுதுங்கள். திணறினால் பற்சக்கரக் குறியை அழுத்தி வேகத்தை 0.75 ஆக்குங்கள். அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டு மெய்யொலிகள் மங்கிவிடும்.

இனி சரியான வரிகளோடு ஒப்பிட்டு, சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். தானாக உருவாகும் சப்டைட்டிலை நம்ப வேண்டாம், இசை கலந்தால் அது தடுமாறும். பயிற்சியின் உயிரே இந்தத் திருத்தம்தான், அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு தவறும் ஏன் வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்: தெரியாத சொல்லா, ஒட்டிக்கொண்ட சொற்களா, விழுங்கப்பட்ட சொல்லா? ‘டர்ன் இட் ஆஃப்’ அமெரிக்கர் வாயில் ‘டர்னிடாஃப்’ என ஒரே சொல்லாக ஒலிக்கும். ‘ராக் அண்ட் ரோல்’ என்பதில் ‘அண்ட்’ வெறும் ‘ன்’னாகச் சுருங்கிவிடும்.

விளையாட்டாகப் பழக லிங்கோகிளிப் என்ற இணையதளம் இருக்கிறது, முன்பு லிரிக்ஸ்டிரெயினிங் என்ற பெயரில் இருந்தது. ஓடும் பாட்டில் விடுபட்ட சொல்லை நிரப்ப வேண்டும். தொடக்க நிலையில், விடையைத் தட்டச்சு செய்யும் முறையில் ஆடுங்கள். விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறையில் ஊகித்தே தப்பித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: மெட்டுக்காகப் பாடகர்கள் உயிரொலியை நீட்டுவார்கள், அழுத்தத்தை இடம் மாற்றுவார்கள். அதை அப்படியே பேச்சில் கொண்டுவராதீர்கள். சிவப்பில் திருத்திய தொடரை யூகிளிஷ் தளத்தில் தேடி, ஐந்தாறு பேர் சாதாரணமாகப் பேசுவதைக் கேளுங்கள்.

மறுநாள் நோட்டைத் திறக்காமல் அதே 30 வினாடியை மறுபடி எழுதுங்கள். கோடுகள் மூன்றுக்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த சரணம்.