லாரி ஏர் பைப் ஃபிட்டிங்கில் காற்று கசிகிறதா? இறுக்காதீர்கள், வெட்டி மாற்றுங்கள்

கிருஷ்ணகிரியில் கிரானைட் கல் ஏற்றிச் சேலம் பக்கம் போகும் லாரி, தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க மிதிக்க டேங்கில் காற்று குறையும், கம்ப்ரசர் அதை நிரப்பிக்கொண்டே வரும். ஃபிட்டிங் வழியாகவும் காற்று போய்க்கொண்டிருந்தால் கம்ப்ரசரால் ஈடுகட்ட முடியாது. அதனால் ‘உஸ்’ சத்தம் கேட்கிற வண்டியைக் கணவாய்க்கு முன்பே நிறுத்திச் சரிசெய்துவிடுங்கள்.

இங்கே சொல்வது நட் போட்டு இறுக்கும் நைலான் பைப் ஃபிட்டிங்குக்கு மட்டும்.

வேண்டியவை

புது நட், பித்தளை வளையம், பைப்புக்குள் செருகும் சின்ன உள்குழல் மூன்றும் ஒரே அளவில் வாங்குங்கள். அளவு பெரும்பாலும் பைப் மேலேயே அச்சிட்டிருக்கும். 10×1 என்றால் வெளி விட்டம் 10 மி.மீ., சுவர் கனம் 1 மி.மீ. பைப் வெட்டும் கட்டர், இரண்டு ஸ்பேனர், சோப்புத் தண்ணீர், பிரஷ், கிளிப், சக்கரக் கட்டைகள், கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி.

1. கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போடுங்கள். மீட்டரில் காற்று முழுதாக ஏறியதும், பெரும்பாலான வண்டிகளில் இது 8 பார் பக்கம் இருக்கும், இன்ஜினை அணைத்துவிட்டு ஃபிட்டிங்குகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் எங்கே பொங்குகிறதோ அங்கே கசிவு.

புதிதாகப் பழகுகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான்: எல்லா பைப்பிலும் எப்போதும் காற்று இருக்காது. பின் சக்கர ஸ்பிரிங் பிரேக்குக்கு (ஸ்பிரிங் விசையால் பிடித்து, காற்று ஏறினால் விடும் பிரேக்) போகும் பைப்பில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால்தான் காற்று ஏறும். கால் பிரேக் பைப்பில் பெடலை மிதித்தால்தான் ஏறும். எனவே மூன்று நிலையிலும் பாருங்கள்: ஹேண்ட் பிரேக் போட்டு, விடுவித்து, ஒருவர் பெடலை மிதித்து. பெடல் மிதிக்கும்போது பிரேக் தண்டின் பக்கம் கை கொண்டுபோகாதீர்கள்.

2. காற்றை முழுக்க இறக்குங்கள்

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஒவ்வொரு டேங்கின் வடிகுழாயையும் திறந்து, சத்தம் நிற்கும்வரை விடுங்கள். ஒரு டேங்க் காலியானால் மற்றதும் காலி என்று நினைக்க வேண்டாம், சுற்றுகள் தனித்தனி. மீட்டரில் இரண்டு முள்ளும் சுழியில் நின்ற பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். சக்கரத்தின் பக்கத்தில் பிரேக்கை இயக்கும் டப்பாவான ஸ்பிரிங் பிரேக் பூஸ்டரை மட்டும் எந்த நிலையிலும் பிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும்.

3. கழற்றி, வெட்டுங்கள்

ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங் உடலைப் பிடித்துக்கொண்டு மற்றதால் நட்டைத் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் உடல் வால்வுக்குள் சேர்ந்து சுற்றி, அங்கே புதுக் கசிவு பிறக்கும். பழைய வளையம் பதிந்த நுனியை நேராக வெட்டித் தள்ளுங்கள். ஹேக்ஸா பிளேடு வேண்டாம். வெட்டு கோணலாகும், தூளும் உள்ளே விழுந்து வால்வில் போய் அடைக்கும். வெட்டிய பிறகு பைப் இழுபட்டு நின்றால் அதை மாட்டாதீர்கள், முழு பைப்பையும் மாற்றுங்கள்.

4. மாட்டுங்கள்

முதலில் நட், அடுத்து வளையம், பிறகு உள்குழல். பைப்பைத் தட்டும்வரை உள்ளே தள்ளி, நட்டைக் கையால் இறுக்குங்கள். அதன்பின் ஸ்பேனரால் எத்தனை சுற்று என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பின்பற்றுங்கள்.

கசிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்குவது எல்லோருக்கும் கை வந்த பழக்கம். அதுதான் கெடுக்கும். நைலான் மென்மையானது. அதிகமாக இறுக்கினால் வளையம் சுவரை நசுக்கி மெலிதாக்கிவிடும், சில நாளில் அதே இடத்தில் பைப் பிய்ந்துகொண்டு வரும். உள்குழல் இல்லாமல் மாட்டினாலும் இதே கதிதான். டெஃப்லான் டேப்பும் இங்கே உதவாது. காற்றை அடைப்பது வளையம்தான், மரை அல்ல. டேப்பின் நார் கழன்றால் பிரேக் வால்வுக்குள் போய் உட்காரும்.

பைப்பைச் சேசிஸில் கிளிப் போட்டுக் கட்டி, சைலன்சருக்குத் தள்ளி வையுங்கள். ஆடும் பைப் ஃபிட்டிங்கைத் தானாகவே தளர்த்திவிடும். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் சூடான குழாய்க்கு நைலானை ஒட்டுப்போடவே கூடாது, உருகிவிடும்.

5. சோதியுங்கள்

வடிகுழாய்களை மூடி, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீருடன் அதே மூன்று நிலையிலும் பாருங்கள். இன்ஜினை அணைத்து 10 நிமிடம் மீட்டரைக் கவனியுங்கள். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் வேறெங்கோ கசிவு இருக்கிறது. ஃபிட்டிங்கில் குமிழ் இல்லாமல், பெடலை மிதிக்கும்போது மட்டும் பூஸ்டரிலிருந்து காற்று வந்தால் அதனுள் இருக்கும் ரப்பர் தகடான டயாஃப்ரம் கிழிந்திருக்கும். அது பிரேக் மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. லோடு ஏற்றி ஓடிய முதல் நாள் முடிவில் மாற்றிய ஃபிட்டிங்கில் இன்னொரு முறை சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.